பழைய கைபேசியில் 1,400 மீம்கள், பாதிக்கு மேல் எனக்கே புரியவில்லை: மீம் நிலைக்குமா?

சித்திரைவெயில் (இழையைத் தொடங்கியவர்), சனி இரவு 9.12

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது 2016இல் வாங்கிய கைபேசி அகப்பட்டது. பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. தெருமுனைக் கடைக்காரர் வேறு பேட்டரி போட்டு உயிர் கொடுத்தார். உள்ளே வாட்ஸ்அப் படங்கள் மட்டும் 1,400க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை மீம்கள்.

உணவு இடைவேளையில் நாங்கள் நான்கு பேர் சாப்பாட்டை மறந்து சிரித்த படங்கள் அவை. நேற்று ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்தேன். வடிவேலு இருக்கும் படங்கள் புரிகின்றன. மற்றவற்றில் பாதிக்கு மேல் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். கொடியில் காயும் வெள்ளைச் சட்டை. சட்டைப்பைக்கு அடியில் ரோஜா நிறத்தில் ஒரு கறை. கீழே ‘அப்பாடா, அசல்தான்!’ என்று இரண்டே சொற்கள். இதை நான் மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள் பதிலாக வந்திருக்கின்றன. இன்று எனக்கே தெரியவில்லை எதற்குச் சிரித்தோம் என்று. வெற்றிலைக் கறையா? ஹோலியா?

என் தாத்தா 1950களில் எழுதிய கடிதம் வீட்டில் இருக்கிறது. எழுத்து மங்கியிருந்தாலும் ஒரு வரி விடாமல் புரிகிறது. நான் அனுப்பிய படம் எனக்கே புரியவில்லை. அப்படியானால் மீம் என்பது நிலைக்கக்கூடிய ஒரு தொடர்பு வடிவம்தானா? நம் தலைமுறையோடு போய்விடுமா?

கரிசல்மேடு, சனி இரவு 9.40

போய்விடும். போகட்டும். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர் உண்டா? தின்றோமா, கையைத் துடைத்தோமா, எறிந்தோமா என்று இருக்க வேண்டும். அழித்துவிட்டு அந்தக் கைபேசியைக் காயலான் கடையில் போடுங்கள்.

வெண்கலப்பானை, சனி இரவு 10.25

கரிசல்மேடு அண்ணனுக்கு வழக்கம்போல் எல்லாமே பஜ்ஜி மடித்த தாள்தான்.

நான் தமிழாசிரியை. என் வகுப்பில் இருப்பவர்கள் 2010க்குப் பிறகு பிறந்தவர்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ படம் வந்தது 2001இல். முழுப் படத்தையும் பார்த்தவர்கள் வகுப்பில் மூன்றே பேர். ஆனால் அதில் வடிவேலு ஏற்ற நேசமணியைத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

2019 மே மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கட்டடப் பொறியியல் தொடர்பான ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்மவர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்று எழுதிவைத்தார். தமிழ் தெரியாத யாரோ உண்மையென்று நம்பி, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்கள். அவ்வளவுதான். பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாளில், 18 ஆண்டுகளுக்கு முன் திரையில் அடிபட்ட ஒரு கற்பனை மனிதருக்காக ட்விட்டரில் ஊரே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது.

வடிவேலு 2011க்குப் பிறகு சில ஆண்டுகள் படங்களில் அரிதாகத்தான் தோன்றினார். அந்த ஆண்டுகளில்தான் அவர் முகம் ஒவ்வொரு கைபேசியிலும் குடியேறியது. நடிகர் ஓய்ந்திருந்தபோது முகம் வேலை பார்த்தது.

நான் சொல்லவருவது வேறு. ‘ஆணி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே படத்து நகைச்சுவையிலிருந்து கிளம்பிய சொல். இன்று எங்கள் ஆசிரியர் அறையில், ‘இன்று ஆணி அதிகம்’ என்றால் வேலை அதிகம் என்று பொருள். ‘தேவையில்லாத ஆணி’ என்றால் மேலிடம் கேட்கும் புள்ளிவிவரப் படிவம். படம் எதுவும் தேவைப்படவில்லை. சொல்லுகிற பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற நினைப்பும் இல்லை. படத்தை விட்டுவிட்டுப் பேச்சுக்குள் இறங்கிய மீம் பிழைத்துக்கொள்கிறது. படத்திலேயே தங்கிவிட்டது உங்கள் சட்டைக் கறை மாதிரி ஆகிவிடுகிறது. இதுதான் என் கட்சி.

தந்திமணி, ஞாயிறு காலை 5.50

வணக்கம். நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன்தான் இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். மீம் என்றால் என்ன என்பதை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டவுடன் எனக்குத் தோன்றியது, இதை நாங்கள் அப்போதே செய்துகொண்டிருந்தோமே என்பதுதான்.

வாழ்த்துத் தந்திக்கு எண்கள் உண்டு. தீபாவளி வாழ்த்துக்கு ஓர் எண், திருமணத்துக்கு ஓர் எண், தேர்வில் தேறியதற்கு, தேர்தலில் வென்றதற்கு, குழந்தை பிறந்ததற்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பட்டியல் அலுவலகச் சுவரில் தொங்கும். அனுப்புகிறவர் முகவரியையும் எண்ணையும் தம் பெயரையும் எழுதிக் கொடுத்தால் போதும். கம்பியில் போவது எண் மட்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் அதை முழு வாசகமாக்கி, பூப்போட்ட தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவார். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்ததும் ஒருவர் ஒலிபெருக்கியில் எல்லாத் தந்திகளையும் வாசிப்பார். இருபது தந்தியிலும் அதே வாசகம்தான். யாரும் சலித்துக்கொண்டதில்லை. யார் அனுப்பினார்கள் என்பதில்தான் செய்தி இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் எண்ணைத் தவறாக அடித்துவிட்டேன். திருமணத்துக்குப் போக வேண்டிய வாழ்த்து, புதுவரவுக்கான வாழ்த்தாகப் போய்விட்டது. ஆங்கில வாசகம். மண்டபத்தில் வாசித்தவர் பொருள் தெரியாமல் கணீரென்று வாசித்திருக்கிறார். பொருள் தெரிந்த ஒரு பெரியவர் எழுந்து, ‘தாலி கட்டி ஒரு மணிநேரம்கூட ஆகவில்லையே ஐயா’ என்றாராம். மாப்பிள்ளையின் மாமா மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என் மேலதிகாரி அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். காப்பிக் காசை என்னிடம் வசூலித்தார்.

2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். எண்களும் போயின. இன்று என் பேரன் யாருடைய திருமணம் என்றாலும் ஒரே படத்தை அனுப்புகிறான்.

கரிசல்மேடு, ஞாயிறு காலை 8.15

ஐயாவின் கதைக்கு என் வணக்கம். காப்பிக் காசு வசூலித்த இடத்தில் எழுந்து நின்று சிரித்தேன்.

ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. தந்தி வாசகத்தைத் தீர்மானித்தது அரசு. அனுப்புகிறவர் அதில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. மீம் அப்படியில்லை, அவனவன் தன் ஊர்க் கதையை அதில் ஒட்டுகிறான். ஒட்டுகிற கதை நாளைக்கே பழசாகிவிடும். அதனால்தான் சீக்கிரம் புளிக்கிறது.

நூற்கிடங்கு, ஞாயிறு முற்பகல் 11.30

பஜ்ஜி மடித்த தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர் உண்டா என்று கேட்டீர்கள். இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். புத்தகம், இதழ்களோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் சேர்ப்பை அடிப்படையாகக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. அன்றைய நாடகக் கம்பெனிகளைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு அந்தக் ‘குப்பை’தான் ஆவணம்.

இப்போது மீம் பக்கம் வருகிறேன். தந்தியைவிட நெருங்கிய உறவு ஒன்று நம்மிடம் இருந்தது: குஜிலிப் பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள். எங்காவது கொலை நடந்தால் கொலைச்சிந்து. வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. ரயில் கவிழ்ந்தால் அதற்கொரு பாட்டு. மட்டமான தாள், எழுத்துப் பிழைகள், அவசர அச்சு. ரயிலிலும் சந்தையிலும் பாடிக்கொண்டே விற்பார்கள்.

இதில் முக்கியமானது மெட்டு. பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று போட்டிருக்கும். ஊருக்கே தெரிந்த மெட்டு. அதன்மேல் இன்றைய சேதி. மெட்டு பழையதாக இருந்ததால்தான் வாங்கியவன் வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாட முடிந்தது. இன்று டெம்ப்ளேட் என்று சொல்கிறோமே, அதற்கு நம் ஆட்கள் வைத்திருந்த பெயர் மெட்டு. கரிசல்மேடு சொல்கிற ‘அவனவன் ஊர்க் கதையை ஒட்டுவது’ அப்போதும் உண்டு.

குஜிலி நிலைத்ததா? வடிவமாக நிலைக்கவில்லை. செய்தித்தாளும் வானொலியும் சினிமாவும் அதன் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன. ஆனால் தெரிந்த மெட்டில் புதுச் சேதியைப் பாடும் வழக்கம் ஒருநாளும் நிற்கவில்லை. தேர்தல் பிரசார வண்டியில் ஒலிப்பது என்ன? எனவே மீம் நிலைக்குமா என்று கேட்பதைவிட, அதன் மெட்டு எங்கே போய்ச் சேரும் என்று கேட்பேன்.

ஒரு வேறுபாடு மட்டும் கவலை தருகிறது. காலணாப் புத்தகத்தை ஒருவர் பெட்டியில் போட்டு வைத்தால் போதும். நூறு ஆண்டு கிடக்கும். மீம் அப்படிக் கிடக்காது. ஜியோசிட்டீஸ் என்ற இணையத்தளத்தை 2009இல் மூடினார்கள், ஆர்குட் என்ற நட்புத் தளத்தை 2014இல், வைன் என்ற காணொளித் தளத்தை 2017இல். அங்கே இருந்தவற்றில் யாரோ அவசரமாக அள்ளியதுதான் மிச்சம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017இல் இணையப் பண்பாட்டுக்கென்று ஒரு காப்பகத்தைத் திறந்து, மீம் தளங்களையும் அதில் சேர்த்தது. தமிழ் மீம்களுக்கு இருப்பது சித்திரைவெயிலின் பரண். அதனால், தயவுசெய்து காயலான் கடைக்குப் போகாதீர்கள்.

இடைவரி, ஞாயிறு பிற்பகல் 2.05

தந்திமணி ஐயாவுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. எண்கள் போகவில்லை. கைபேசியில் சிரித்துக்கொண்டே கண்ணீர் விடும் அந்த மஞ்சள் முகத்துக்கும் எண் உண்டு. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் 1எஃப்602. நீங்கள் அனுப்பும்போது படம் போவதில்லை, எண்தான் போகிறது. அந்தப் பக்கத்துக் கைபேசி அதைத் தன் பாணியில் படமாக்கிக் காட்டுகிறது. உங்கள் அலுவலகம் செய்த அதே வேலை.

எமோஜி நிலைப்பதற்குக் காரணமே இதுதான். 1999இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று 176 சின்னங்களோடு தொடங்கியது. 2010இல் யூனிகோடு அவற்றைப் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் பிறகு அதைப் பறிப்பதில்லை. மீமுக்கு எண் இல்லை. அது வெறும் புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு தளமும் ஏற்றும்போது ஒருமுறை நசுக்குகிறது. ஐம்பது கை மாறிய படத்தில் எழுத்தைச் சுற்றி எறும்பு மொய்த்ததுபோல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடி எடுப்பதும் கடினம். சித்திரைவெயில் தன் பழைய கைபேசியில் ‘அசல்’ என்று தேடினால் அந்தச் சட்டை வராது. ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

தந்திமணி, ஞாயிறு பிற்பகல் 3.30

அதற்கும் எண் உண்டா! பேரனிடம் சொன்னேன். அவனுக்கே தெரியவில்லை. இன்று எனக்கு இது போதும்.

பனையோலை, ஞாயிறு மாலை 6.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நேசமணியை நாங்களும் அறிவோம். தமிழ்நாட்டு மீம்களை எங்கள் பிள்ளைகள் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் எங்கள் மீம் உங்களுக்குப் புரியாது. அது பரவாயில்லை. எங்களுக்கே புரியாமல் போவதுதான் சிக்கல்.

2022இல் எரிவாயு சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். என் சித்தி வெற்று சிலிண்டரை வரிசையில் வைத்து, அதைச் சங்கிலியால் பக்கத்துச் சிலிண்டரோடு பிணைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வருவார். அந்தக் காலத்து மீம்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றுபோலவே ஓடின. சீதனமாகச் சிலிண்டர் கேட்கும் மாப்பிள்ளை, பெட்ரோல் வரிசையில் பிறந்தநாள் கொண்டாடுகிறவர் என்று. ஜூலையில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஸ நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலகினார். அதே மாதத்தில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் குறியீட்டு முறை வந்து வரிசைகள் குறையத் தொடங்கின. இன்று எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சீதன மீமைக் காட்டினால், சிலிண்டர் என்ன அவ்வளவு விலையா என்று கேட்கிறது. சித்தி மட்டும் இன்னும் சிரிப்பதில்லை. அவருக்கு அப்போதும் அது பகிடியாகப் படவில்லை.

வெண்கலப்பானை அக்கா, பேச்சுக்குள் இறங்கிய மீம் பிழைக்கும் என்றீர்கள். பிழைத்தாலும் அதே பொருளோடு பிழைக்குமா? பெப்பே என்ற தவளையைப் பாருங்கள். 2005இல் ஓர் அமெரிக்கச் சித்திரக்காரர் வரைந்த சாதுவான பாத்திரம். 2016இல் அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலை வந்தது. 2019இல் ஹாங்காங் தெருக்களில் அதே தவளையைச் சனநாயகம் கேட்ட இளைஞர்கள் ஏந்தினார்கள். முகம் ஒன்றுதான். மூன்று ஊரில் மூன்று சேதி.

வெண்கலப்பானை, ஞாயிறு இரவு 8.20

தங்கச்சி பனையோலை (தம்பியென்றால் மன்னிக்கவும்), நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நான் நேற்று இரவு சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

பழமொழிக்குத் தொல்காப்பியர் முதுமொழி என்று பெயரிட்டு, நுண்மை, சுருக்கம் என்றெல்லாம் இலக்கணம் சொல்கிறார். மீமுக்கும் பொருந்துகிற இலக்கணம்தான். முன்றுறை அரையனார் பழமொழி நானூறு பாடினார். ஒவ்வொரு வெண்பாவின் முடிவிலும் ஒரு பழமொழி. ‘நுணலும் தன் வாயால் கெடும்’ இன்றும் வழக்கில் இருக்கிறது, தவளையாக மாறி. ‘பாம்பறியும் பாம்பின கால்’ இருக்கிறது. ஆனால் ‘ஆற்றுணா வேண்டுவது இல்’ என்று வகுப்பில் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் புரியாது. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. கற்றவன் எந்த ஊருக்குப் போனாலும் கட்டுச்சோறு எடுத்துப் போக வேண்டியதில்லை என்று நான் உரை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாளில் அது எல்லோர் வாயிலும் இருந்த சொல்தானே?

பேச்சுக்குள் இறங்கியதுகூடச் செத்துவிடுகிறது. பிழைத்தது எப்படி என்றால், அரையனார் அதைத் தனியே பட்டியல் போடாமல், மேலே மூன்று வரியில் எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாடிவைத்தார். அந்த மூன்று வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதைப் பிய்த்து, அது கழுதையே இல்லை, கழு என்ற கோரைப்புல் என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை ஞானம் வருகிறதே, அந்த மாதிரி. மாணவர்கள் அதை என்னிடமே விளக்குகிறார்கள்.

கரிசல்மேடு, ஞாயிறு இரவு 8.50

அப்படியானால் மீமுக்கும் உரையாசிரியர் வேண்டும் என்கிறீர்கள். உரை எழுதினால் சிரிப்பு போய்விடுமே. சிரிப்பு போன மீம் எதற்கு?

நூற்கிடங்கு, ஞாயிறு இரவு 9.05

கொலைச்சிந்தைப் படித்து இன்று யாரும் அழுவதில்லை. ஆனாலும் அந்த ஊரில் அரிசி என்ன விலை, போலீசைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிரிப்பு போன பிறகுதான் நாங்கள் வேலையைத் தொடங்குகிறோம்.

தந்திமணி, திங்கள் காலை 5.40

சித்திரைவெயில் தம்பிக்கு. நேற்று இரவு தூக்கம் வராமல் உங்கள் சட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அது 2000 ரூபாய் நோட்டு.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, பழைய 500, 1000 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நான் ஓய்வூதியக்காரன், வங்கி வரிசையில் நான்கு நாள் நின்றேன். கையில் கிடைத்த முதல் புது நோட்டு அந்த ரோஜா நிற நோட்டுதான். சாயம் போகிறது, கள்ள நோட்டு என்று ஒரே பேச்சு. ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்த்தவர்களை நானே கண்டேன். அப்போது நிதித்துறை அதிகாரி ஒருவர், சாயம் போனால்தான் நல்ல நோட்டு, போகாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று விளக்கம் சொன்னார். நோட்டைப் பையில் வைத்ததை மறந்து சட்டையைத் துவைத்திருக்கிறார்கள். சாயம் ஒட்டியிருக்கிறது. ஆகவே, அப்பாடா, அசல்தான்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இதே படத்தை என்னிடம் காட்டினார் என்று நினைக்கிறேன். அல்லது இதுபோல் வேறொன்றாக இருக்கலாம். நான்கு மணிநேரம் நின்ற இடத்தில் அன்று சிரித்தது அந்த ஒருமுறைதான்.

இடைவரி, திங்கள் காலை 7.55

ஐயா! இந்த இழையில் வயதில் மூத்தவர் நீங்கள். மீமைப் படித்துச் சொன்னவரும் நீங்கள்தான்.

கரிசல்மேடு, திங்கள் காலை 8.10

சிரித்துவிட்டேன். உரை எழுதிய பிறகும் சிரிப்பு வருகிறது. நேற்று இரவு சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். பாதி மட்டும்.

சித்திரைவெயில், திங்கள் இரவு 9.30

தந்திமணி ஐயா, படித்தவுடன் எல்லாம் திரும்பி வந்தது. அலுவலக மாடிப்படி, பணம் எடுக்கும் இயந்திரத்தில் ஒட்டியிருந்த ‘பணம் இல்லை’ தாள், டீக்கடைக்காரர் சில்லறைக்குப் பதில் கொடுத்த மிட்டாய்.

பத்து வயது மகளிடம் படத்தைக் காட்டி, ஐயா சொன்ன கதையை அப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘2000 ரூபாய்க்கு நோட்டு இருந்ததா அப்பா?’ என்றாள். 2023 மே மாதத்தில் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள் அல்லவா. அவள் அதைக் கையில் பிடித்ததே இல்லை. நோட்டு போய்விட்டது, மீம் என் பரணில் இருக்கிறது.

நூற்கிடங்கு சொன்னபடி எதையும் அழிக்காமல், ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறேன். படத்துக்கு ஓர் எண், பக்கத்தில் இரண்டு வரி. இதுவரை 31 படங்களுக்கு எழுதியாகிவிட்டது. எண் போட்டதற்குத் தந்திமணி ஐயாதான் காரணம்.

32ஆவதில் சிக்கிக்கொண்டேன். ஓர் ஆட்டுக்கல். குழவியின் தலையில் ஹெல்மெட். கீழே ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று மட்டும். 2017 ஜனவரியில் எனக்கு வந்திருக்கிறது. யாருக்காவது தெரியுமா?

தந்திமணி, செவ்வாய் காலை 5.35

வங்கி வரிசையில் இதை யாரும் காட்டவில்லை. ஆட்டுக்கல் யார் வீட்டுடையது என்று தெரிகிறதா? படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போடுங்கள் தம்பி.